தெருவில் நிற்கும் மாடு யாருடையது?

சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகளுக்கு மாடு என்றால் பொங்கல். கேம்பல் லேனில் கொட்டகை போட்டு, லிம் சூ காங் பண்ணையிலிருந்து கொண்டுவந்த மாட்டையும் கன்றையும் கட்டியிருப்பார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்று, நம் முறை வந்ததும் நெற்றியைத் தொட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். என் தங்கை மகளுக்கும் மாட்டோடு அவ்வளவுதான் பழக்கம், வருஷத்துக்கு ஐந்து நிமிஷம்.

போன டிசம்பர் விடுமுறையில் அவளைச் சென்னைக்கு அழைத்துப்போயிருந்தேன். மந்தைவெளியில் அத்தை வீடு. முதல் நாள் காலையில் கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் இரண்டடி தூரத்தில் ஒரு சிவப்பு மாடு. கயிறும் இல்லை, கூட ஆளும் இல்லை. ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன்கூட அடிக்காமல் அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

"பெரியம்மா, இது தொலைஞ்சு போச்சா? யாருகிட்ட சொல்லணும்?"

நல்ல கேள்வி. நம் ஊர்ப் பிள்ளைக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். அங்கே நின்றபடி என்னால் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. அதற்கப்புறம் அத்தையிடமும் அந்தத் தெரு மாட்டுக்காரம்மாவிடமும் கேட்டு, கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இந்தியா போகும்போது வழியில் மாடு படுத்திருப்பதைப் பார்த்து "ஏன் இப்படி?" என்று யோசித்தவர்களுக்கு உதவும்.

முதலில் பெயரைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தெரு நாய் என்றால் வீடில்லாத நாய். அதே கணக்கில் தெரு மாட்டையும் வீடில்லாத மாடு என்று நினைத்துவிடுகிறோம். சென்னை மாதிரி ஊர்களில் பகல் நேரத்தில் கண்ணில் படும் மாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வீடு உண்டு, உரிமையாளர் உண்டு, பெயரும் உண்டு. காதில் மஞ்சள் வில்லை தொங்குகிறதா என்று பாருங்கள். அது எண் போட்ட அடையாள வில்லை. மடி கனத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கனத்திருந்தால் அந்த மாட்டை எங்கோ ஒருவர் பால் கறக்கக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அத்தை வீட்டு வாசலில் நின்ற மாட்டின் பெயர் லட்சுமி. இரண்டு தெரு தள்ளி ஒரு சந்து, அந்தச் சந்தில் ஓட்டு வீடு, வீட்டை ஒட்டி நாலு மாடு கட்டும் அளவுக்குத் தகரக் கொட்டகை. விடியற்காலை நாலரைக்குக் கறவை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். பாக்கெட் பால் கடைக்குக் கடை கிடைத்தாலும், கண் எதிரே கறந்த பாலுக்கென்று ஒரு கூட்டம் இன்னும் இருக்கிறது. கறந்து முடிந்ததும் ஒரு வாளி கழுநீரில் தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைக்கிறார்கள். அதைக் குடித்து முடித்தால் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். கன்று மட்டும் கொட்டகையிலேயே இருக்கும்.

அப்புறம் லட்சுமி தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். வேலை என்று தெரிந்துதான் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு ஒழுங்கான பாதை இருக்கிறது. முதலில் எங்கள் தெரு, அங்கே மூன்று வீடுகளில் பழைய சோறோ தோசையோ கிடைக்கும். அடுத்து கோயில் பக்கம், அகத்திக்கீரைக் கட்டு விற்கிற அம்மாவின் அருகே. பிறகு காய்கறிக் கடைகளுக்குப் பின்புறம், முட்டைகோஸின் வெளி இலைகளையும் காலிஃபிளவர் தண்டுகளையும் ஒதுக்கிப் போடும் இடம். வெயில் ஏறினால் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் படுத்து அசைபோடும். மூன்று மணிவாக்கில் திரும்பி நடக்க ஆரம்பித்துவிடும். கூப்பிட ஆள் போவதில்லை. மடியில் பால் கட்டினால் கனக்கும், கன்றின் நினைப்பும் வரும். கடிகாரமாக அந்த இரண்டும் போதும்.

சரி, ஏன் கட்டிப்போட்டு வளர்க்கக் கூடாது? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், கோபத்தோடும் கேட்கிறார்கள். மாட்டுக்காரம்மா சொன்ன கணக்கு எளிமையானது. ஒரு கறவை மாடு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோ பசுந்தீவனம் தின்னும். வைக்கோல், தவிடு, புண்ணாக்கு எல்லாம் தனி. நகரத்துக்குள் புல் முளைக்க இடமில்லை, எல்லாமே வெளியிலிருந்து வண்டியில் வர வேண்டும். பால் விற்கும் காசில் பெரும்பங்கு தீவனத்துக்கே போய்விடும். பகலில் மாடு வெளியே போய்ப் பாதி வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். கொட்டகையும் சின்னது. நாலு மாடு இரவில் படுக்கலாம், நாள் முழுக்க நிற்க முடியாது.

இது அவர்களாகப் புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. காலையில் அவிழ்த்துவிட்டு மாலையில் கட்டுவது மேய்ச்சலின் பழைய முறை. கிராமத்தில் மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது, ஏரிக்கரை இருந்தது, அறுவடை முடிந்த வயல் இருந்தது. நகரம் வளர்ந்து வந்து அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. மாடும் மாட்டுக்காரரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். மந்தைவெளி என்ற பெயரையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்: மந்தை, வெளி. மாட்டு மந்தை நின்ற வெட்டவெளி. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. மதுரைக்குப் போனால் வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்கிற இடத்தின் பெயர் மாட்டுத்தாவணி. தாவணி என்றால் மாட்டுச் சந்தை. லட்சுமி காலையில் மேயப் போகிற தெருவும் ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலமாக இருந்திருக்கலாம் என்று சொன்னபோது, தங்கை மகள் தார் ரோட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

அன்று மாலை மயிலாப்பூரில் "மாட வீதி" என்ற பலகையைப் படித்துவிட்டு, "இது மாடு போற ரோடா?" என்று கேட்டாள். கோயிலைச் சுற்றி மாடமாளிகைகள் இருந்த வீதி என்று விளக்கினேன். ஆனால் அன்று அந்த வீதியிலும் இரண்டு மாடுகள் நின்றன, அவள் கேட்டதில் தப்பில்லை.

மாட்டுக்காரர் அவிழ்த்துவிடுவதால் மட்டும் இந்த வாழ்க்கை நடந்துவிடாது. தெருவும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை அகத்திக்கீரை வாங்கிப் பசுவுக்குக் கொடுப்பது அங்கே பல வீடுகளில் விடாத பழக்கம், முன்னோர்களை நினைத்துச் செய்வது. மீந்த சோற்றைக் குப்பையில் கொட்ட மனம் வராதவர்களுக்கு வாசலில் வந்து நிற்கும் மாடு பெரிய நிம்மதி. மார்கழியில் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ வைக்க வேண்டுமென்றால் சாணம் வேண்டும். கிரகப்பிரவேசம் என்றால் பசுவும் கன்றும் முதலில் உள்ளே நுழைய வேண்டும். சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் அதற்கு வழியில்லாமல் வெள்ளியில் சின்னதாகப் பசுவும் கன்றும் வாங்கிப் பூசையறையில் வைத்துக்கொள்கிறோம். அங்கே மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவருக்கு அது ஒரு சின்ன வரும்படி.

பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்றொரு பொருள் உண்டு. தெருவில் வரும் மாட்டுக்கு வழி விட வேண்டும் என்ற எண்ணமும் பழையது. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று சிக்கி இறந்தது, தாய்ப்பசு அரண்மனை மணியை அடித்து நியாயம் கேட்டது, மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று சின்ன வயதில் கேட்ட கதை நினைவிருக்கும். திருவாரூர்க் கோயிலருகே அந்தக் காட்சி கல்லில் தேராக நிற்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பரபரப்பான தெருவில் ஒரு கன்றுக்கும் இடம் உண்டு, அதன் உயிருக்குத் தேரில் போகிறவன் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைத்த சமூகம் அது. அன்று காலை அந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனதில் அதன் மிச்சம் கொஞ்சம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

இதுவரை சொன்னது வீடுள்ள மாடுகளின் கதை. இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவைதான் உண்மையில் கைவிடப்பட்டவை. அதன் காரணம் பாலின் கணக்கிலேயே இருக்கிறது. பசு பால் கொடுக்க வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். பிறக்கும் கன்றுகளில் ஏறத்தாழ பாதி காளைக்கன்று. முன்பு அது ஏர் உழுதது, வண்டி இழுத்தது. உழவுக்கு டிராக்டர் வந்தது, சினைப்படுத்த ஊசி வந்தது, காளைக்கு இரண்டு வேலையும் போயிற்று. நாட்டு மாட்டுக் காளையாவது ஏதோ ஒரு வேலைக்கு ஆகும். அதிகப் பால் வேண்டி உருவாக்கிய ஜெர்சிக் கலப்பினத்தின் காளைக்கன்றுக்குத் திமிலும் சரியாக இருக்காது, வெயிலும் தாங்காது, வாங்குவார் இல்லை. பால் வற்றிய கிழட்டுப் பசுவுக்கும் இதே நிலைதான். தின்பதற்குக் குறைவில்லை, தருவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்து சட்டம் வருகிறது. பசுவதையைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்கிறது இந்திய அரசமைப்பின் 48-ஆவது பிரிவு. அதை எப்படிச் செய்வது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உத்தரப் பிரதேசத்தில் 1955-லேயே கடுமையான தடைச்சட்டம் வந்துவிட்டது, கேரளத்தில் அப்படி முழுத் தடை இல்லை. விற்கவும் முடியாது, தீனி போடவும் முடியாது என்ற நிலையில் இருக்கும் சிறு விவசாயி இரவோடு இரவாக மாட்டை ஊர் எல்லையில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார். 2019-இல் எடுத்த கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் இருந்த மாடுகள் 19 கோடிக்கும் மேல். அதே கணக்கெடுப்பில் உரிமையாளர் இல்லாதவை என்று கணக்கில் வந்தவை 50 லட்சம். ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மட்டும் அதில் ஏறத்தாழ பாதி. கோசாலைகள் இருக்கின்றன, நல்ல மனதோடு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பசு பதினைந்து, இருபது வருஷம் வாழக்கூடிய உயிர். அத்தனை மாடுகளுக்கு அத்தனை வருஷம் தீவனம் போட அன்பு மட்டும் போதாது.

மூன்றாவதாக, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளைகள். காசி மாதிரி ஊர்களின் சந்துகளில் பெரிய திமிலோடு யாரையும் சட்டை செய்யாமல் நடக்குமே, அவை. இறந்துபோனவர் பெயரில் காளையை விடுவிக்கும் வழக்கம் வடக்கில் உண்டு. தமிழ்நாட்டிலும் கோயில் மாடு உண்டு. வீட்டில் தங்காமல் ஊர் சுற்றும் பையனைப் பாட்டிமார் "கோயில் காளை மாதிரி திரியுறான்" என்று திட்டுவது இங்கிருந்து வந்ததுதான்.

எனக்கு மனம் பொறுக்காத விஷயத்துக்கு வருகிறேன். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நாக்கை நீட்டிப் புல்லைச் சுருட்டி இழுத்து, அதிகம் மெல்லாமல் விழுங்கிவிடும். வயிறு நான்கு அறைகளாக இருக்கும். முதல் அறை மிகப் பெரியது, நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். விழுங்கியதெல்லாம் முதலில் அங்கே போய் ஊறும். பிறகு நிழலில் படுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக மெல்லும். அசைபோடுவது என்கிறோமே, அது இதுதான். புல்வெளியில் அவசரமாக மேய்ந்துவிட்டுப் பத்திரமான இடத்தில் மெல்வதற்கு இயற்கை கொடுத்த அருமையான ஏற்பாடு.

அதே ஏற்பாடு குப்பைத்தொட்டியில் எமனாகிவிடுகிறது. மீந்த சாம்பார் சாதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வீசுகிறோம். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கக் கையில்லை, உள்ளே சோற்று வாசனை வருகிறது, பையோடு விழுங்கிவிடுகிறது. சோறு செரித்துவிடும், பை அங்கேயே தங்கிவிடும். ஒரு பை போனால் அடுத்தது அதோடு சுற்றிக்கொள்ளும். கயிறும் நூலும் சேர்ந்து நாளடைவில் கெட்டியான பந்தாகும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து மருத்துவர்கள் எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ. அறுவை சிகிச்சை ஐந்தரை மணி நேரம் நடந்தது. 52 கிலோ என்றால் வளர்ந்த ஒரு ஆளின் எடை. அந்த மாடு வெளியே பார்க்க வயிறு நிறைந்து கொழுத்த மாடாகத் தெரிந்திருக்கும். உள்ளே தீனிக்கே இடமில்லை. ஆணி, கம்பித் துண்டு போனால் இன்னும் மோசம், இரண்டாவது அறையின் சுவரைக் குத்திக்கொண்டு இதயம் வரை போய்விடும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. தெருவில் பைகள் இன்னும் கிடக்கின்றன. மாட்டை அவிழ்த்துவிட்டவர் மேல் கோபப்படுகிறவர்கள், பையில் முடிச்சுப் போட்டவர் யார் என்றும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்காக மனிதர்களுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளிவிட்டு வீடு திரும்பிய சிறுமியை ஒரு மாடு கொம்பால் தூக்கி எறிந்து திரும்பத் திரும்ப மிதித்தது. கேமராவில் பதிவான அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் குழந்தை பிழைத்தது. அதே ஆண்டு திருவல்லிக்கேணியில் முதியவர் ஒருவர் மாடு முட்டி இறந்தே போனார். தெருவில் மாட்டைப் பிடித்தால் மாநகராட்சி விதித்துவந்த 2,000 ரூபாய் அபராதம் அதற்குப் பிறகு 5,000 ஆகி, மறுவருஷம் 10,000-க்குப் போனது. பிடித்த மாடுகளைப் புதுப்பேட்டை, பெரம்பூர் தொழுவங்களில் அடைப்பார்கள். உரிமையாளர் அபராதத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். ஊர் மாட்டைப் பட்டியில் அடைக்கிற வழக்கத்துக்கு 1871-லேயே, வெள்ளைக்காரர் காலத்தில், சட்டம் இருந்தது. நூற்றைம்பது வருஷம் ஆகியும் இந்த இழுபறி தீரவில்லை.

என்னைக் கேட்டால், அபராதம் தேவைதான், ஆனால் போதாது. நகரின் ஓரங்களில் பொதுக் கொட்டகை கட்டி, தீவனத்துக்கும் குறைந்த விலையில் வழி செய்தால் மாட்டுக்காரம்மாவே கயிற்றை அவிழ்க்க மாட்டார். "எனக்கு மட்டும் ஆசையா, யம்மா? அது வீடு திரும்புற வரைக்கும் வயித்துல நெருப்புதான்" என்றார் அவர். அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கன்றோடு நிற்கும் பசுவின் பக்கம் போகவே வேண்டாம், எவ்வளவு சாதுவான மாடும் கன்றுக்காக முட்டும். மாட்டுக்குப் பக்கவாட்டுப் பார்வை மிக அகலம், நேர் பின்னால் மட்டும் எதுவும் தெரியாது. அதனால் பின்னாலிருந்து போனால் மிரண்டு உதைக்கும். தலையைத் தாழ்த்தி மூச்சைச் சீறவிட்டாலோ காலால் மண்ணைக் கிளறினாலோ மெதுவாக விலகிவிடுங்கள், ஓட வேண்டாம். கீரை கொடுப்பதென்றால் மாட்டுக்காரரோ கீரை விற்பவரோ பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள். கட்டிய நூலையும் ரப்பர் பேண்டையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

இதெல்லாம் வேறு தேசத்துக் கதை என்று சிங்கப்பூரில் இருக்கும் நாம் நினைக்க வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பேர்போன கே.கே. மருத்துவமனையின் அந்த இரண்டு எழுத்து, கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள். லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இருக்கின்றன, இரண்டும் எருமைதான். கொஞ்சம் தள்ளி லெம்பு ரோடு, அது மாடு. பெலிலியோஸ் ரோடு ஒரு மாட்டு வியாபாரியின் பெயர். ரோச்சோர் ஆற்றுப் பக்கம் தண்ணீரும் புல்லும் இருந்ததால் சிராங்கூன் சாலையைச் சுற்றி மாட்டு வியாபாரம் செழித்தது, அதை நம்பி நம் ஆட்கள் வந்து குடியேறினார்கள். சைனாடவுனைச் சீனர்கள் அழைக்கும் பெயருக்கும் மாட்டு வண்டித் தண்ணீர் என்றுதான் பொருள். மாடு இழுத்த வண்டியில்தான் அந்தப் பகுதிக்குத் தண்ணீர் போனது. வாசலில் மாட்டை நிறுத்திப் பால் கறந்து கொடுத்தவர்களைப் பற்றி என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். சதுப்பு நிலம் வடிந்து கட்டடம் எழுந்ததும் கொட்டில்கள் போய்ப் பெயர்கள் நின்றன. மந்தைவெளியில் பெயரும் நிற்கிறது, மாடும் நிற்கிறது.

சிங்கப்பூரின் கோனி தீவில் தனியாக ஒரு காளை திரிந்ததும் பலருக்கு நினைவிருக்கும். திமில் உள்ள பிராமன் இனம், அந்த இனமே இந்திய மாடுகளிலிருந்து உருவானது. அது அங்கே எப்படி வந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. 2015-இல் தீவைப் பூங்காவாகத் திறந்தபோது தேசியப் பூங்காக் கழகம் அதை விரட்டவில்லை, பார்த்தால் தள்ளி நில்லுங்கள் என்று பலகை வைத்தது. அதைப் பார்ப்பதற்காகவே சனங்கள் போனார்கள். 2016 அக்டோபரில் அது இறந்தபோது முகம் பார்க்காதவர்கள்கூட வருத்தப்பட்டார்கள். நானும்தான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், தங்கை மகள் இருபது ரூபாய்க்கு ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கினாள். வாழைநாரை அவளே பிரித்தாள். லட்சுமி நாக்கை நீட்டிக் கீரையோடு அவள் கையையும் ஒரு சுற்று சுற்றியது. "மணல் பேப்பர் மாதிரி இருக்கு" என்று கத்தினாள், ஆனால் கையை எடுக்கவில்லை. மூன்று மணிக்கு அதன் பின்னால், நான் சொன்னபடி பத்தடி தள்ளியே நடந்தாள். இரண்டு தெரு தாண்டி, ஒரு டீக்கடை தாண்டி, சந்துக்குள் திரும்பி, அந்தத் தகரக் கதவை லட்சுமி நெற்றியால் இரண்டு தடவை தள்ளியது. உள்ளேயிருந்து கன்று கத்தியது. "வந்துட்டியா, இரு இரு" என்று மாட்டுக்காரம்மா தாழ்ப்பாளை எடுத்தார்.